எல்லாம் அணைத்தாயிற்று

சரியாக நாலு மணிக்கு, கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த வானொலி விக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை. அவன் உடனே நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டான். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவன் வேலை. கோளாறு என்றைக்கு வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்த மாடியில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் கருவிப்பையைத் திறப்பான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தான்.

இரண்டு சொல் கேட்டது. பிறகு மௌனம். பிறகு பாதிச் சொல். வாசித்துக்கொண்டிருந்தவர் யாரோ ஒரு பெரியவர். நல்ல குரல். ஆனால் கேட்பதற்கு, இருட்டில் படியிறங்குகிறவர் ஒவ்வொரு படியிலும் தடுக்கி நிற்பதுபோல இருந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து மணி ஆனதும் தொண்டையிலிருந்து முள்ளை எடுத்ததுபோல ஒலி சீரானது. அதையும் எழுதிக்கொண்டான்.

பார்வையற்றவர்களுக்காக நடந்துவந்த சின்ன இணைய வானொலி அது. பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஞாயிறு நாலிலிருந்து ஐந்துக்குள் நிலையம் அந்தப் பதிவுகளை வாங்கிக்கொள்ளும். வாசித்தவர்களில் ஒருத்தி அவன் மனைவி. ஏழு மாதத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். யாராவது கேட்டால் “ரத்தத்துல கிருமி” என்பான். கேட்டவர்களும் அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். அவனுக்கு அது வசதியாக இருந்தது.

இப்போது வானொலியே மூடப்போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கடைசி ஞாயிறு. அன்று காலையிலிருந்து மாலைவரை, வாசித்த ஒவ்வொருவருடைய பதிவிலிருந்தும் நேயர்களுக்குப் பிடித்த ஒரு பகுதியைப் போடப்போவதாக நிலையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவள் முறை நாலே காலுக்கு. இருபத்திரண்டு நிமிடம்.

வேறு பிரதி கிடையாது. பதிப்பகங்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. நிலையம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம், மூடும்போது அதையும் அழித்துவிட வேண்டும். வாசித்தவர் அனுப்பியதுமே அழித்துவிட வேண்டும். மற்றவர்கள் அப்படிச் செய்தார்களோ என்னவோ, அவள் செய்தாள். “கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?” என்று கேட்டுக்கொண்டே அழிப்பாள். கல்யாண வீடியோவில் இரண்டு மணிநேரமும் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தனக்காக மட்டும் என்றால் அவன் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டான். விக்கினால் விக்கட்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். ஆனால் அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அத்தை, அவளுடைய அம்மா, ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். உடுப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவர். நூறு தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டிய குரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. மகள் காப்பீட்டு அலுவலகத்து வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு வானொலிக்கு வாசிக்கப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம் பதிவில் விழுகிறது என்று அவள் துணி அலமாரிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவே போனில் பதிவு செய்வாள். ஒருநாள் அத்தை அதைப் பார்த்துவிட்டார். “அலமாரிக்குள்ள உக்காந்து தனியாப் பேசுறவள டாக்டர்கிட்ட காட்டாம, இந்த மனுஷன் என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்காரு?” என்று அவனையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார்.

ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை மகள் வாய்விட்டுக் கேட்டாள், ஒரு தரம் கேட்டுப் பாரம்மா என்று. “என் காது சும்மா இருக்கறப்ப சொல்றேன்” என்றார் அத்தை. அதற்கு அடுத்த மாதம்தான் காய்ச்சல்.

கடைசி ஞாயிற்றைப் பற்றிச் சொல்ல அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“என் காது இப்ப சும்மாதான் இருக்கு” என்றார் அத்தை. பிறகு, “தெளிவாக் கேக்குமா மாப்பிள்ளை?” என்றார்.

“கேக்கும் அத்தை.”

சோதிக்காமல் ஒரு லிஃப்ட்டுக்குக்கூட அவன் சான்று கொடுத்ததில்லை. இதற்குக் கொடுத்துவிட்டான். அதனால்தான் இரண்டு வாரம் முன்பாகவே, அதே கிழமை, அதே நேரம், அதே நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தான். விக்கியது.

திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்ததும் போட்டான். பளிங்கு மாதிரி கேட்டது. செவ்வாயும் அப்படியே. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவன் தொழிலில் பாலபாடம். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒரு நாள் பிரவுசரை மாற்றினான். மறுநாள் அதில் சேர்ந்திருந்த பழைய குப்பையைத் துடைத்தான். அடுத்த நாள் ஸ்பீக்கரைக் கழற்றி ஹெட்போனைச் செருகினான். மோடத்தை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டான். காற்றில் வருகிற இணைப்பை நம்பாமல், கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்குச் சுவரோரமாக நீளக் கேபிள் இழுத்தான். எல்லாவற்றுக்கும் எதிரே “சரி” என்று எழுதிக்கொண்டே வந்தான். எதுவுமே கெடாதபோது எல்லாமே சரியாகத்தானே இருக்கும்? வேலை செய்கிற லிஃப்ட்டைப் பழுது பார்ப்பதுபோல இருந்தது.

இரண்டாவது ஞாயிறு, வீட்டில் மின்சாரம் தின்கிற எல்லாவற்றையும் பட்டியல் போட்டான். இணையத்தை யாரோ பங்குபோடுகிறார்களோ என்ற சந்தேகம். தன் போன். டிவி. அறிக்கைகள் படிக்கிற டேப்லெட். வருடம் முழுக்கத் தூங்குகிற பிரிண்டர். பழைய லேப்டாப். வாசல் மணியில் ஒரு கேமரா. ஆறு. ஒவ்வொன்றாக அணைத்து டிக் அடித்தான். கீழே “எல்லாம் அணைத்தாயிற்று” என்று எழுதிக் கோடு போட்டான்.

நாலு மணிக்கு விக்கியது. ஐந்து மணிக்கு நின்றது.

அப்படியென்றால் கோளாறு வீட்டில் இல்லை என்று முடிவுசெய்து நிலையத்தைக் கூப்பிட்டான். பேசியவர் அங்கே இருக்கிற ஒரே பொறியாளர். அவருக்கும் பார்வை கிடையாது. பதிவில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டால், எந்த வாசகர் வீட்டு நாற்காலி என்று சொல்லிவிடுவாராம், மனைவி சொல்லியிருக்கிறாள். மற்ற நேயர்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்றார். அவன் தயங்கித் தயங்கி, அந்த இருபத்திரண்டு நிமிட ஃபைலை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டான். அவர் உடனே மறுக்கவில்லை. “அனுப்பிடலாம் தம்பி. ஆனா அவங்க இருந்திருந்தா என்னை உண்டு இல்லைனு பண்ணியிருப்பாங்க” என்றார். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. அது உண்மை. கடைசி ஞாயிறு நாலு மணிக்குத் தேவைப்பட்டால் கூப்பிடச் சொல்லி நேரடி எண்ணைக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு அத்தை மூன்று மணிக்கே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சு இறங்கும் முன்பே, ஊர் லிஃப்ட்டுக்கெல்லாம் சான்று கொடுக்கிறவர் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். நல்ல உடை உடுத்தியிருந்தார். யாரையோ பார்க்க வந்ததுபோல.

அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். இந்த நேரத்தில் மட்டும் விக்குகிறது, காரணம் தெரியவில்லை. வீட்டுக்குள் மொபைல் சிக்னல் எடுக்காது, கீழே தெருவில் எடுக்கும். தன் போனில் போட்டுத் தெருமுனை சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து கேட்கலாம்.

“தட்டு கழுவுற சத்தத்துக்கு நடுவுலயா?” என்றார் அத்தை. “அவ எந்த ரூம்ல வாசிச்சாளோ அந்த ரூம்லதான் கேப்பேன். விக்கினா விக்கட்டும். அவ சின்னதுல நிறைய விக்குவா.”

அறை சின்னது. ஜன்னலோரம் மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். எதிரே துணி அலமாரி. அலமாரியின் அடியில், கதவு இடுக்கு வழியாக ஒரு வெள்ளை ஒயர் உள்ளே போயிற்று. அத்தை நாற்காலியை அலமாரிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை. கையை மட்டும் அதன்மேல் வைத்திருந்தார்.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நேயர்கள் தேர்ந்தெடுத்த பகுதி எது என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாவலின் நடு அத்தியாயம். குடியிருப்பவர்களைப் படாத பாடு படுத்துகிற ஒரு வீட்டுக்காரம்மா அதில் வருவாள். மனைவி அந்த வீட்டுக்காரம்மாவை வாசித்த குரல் யாருடையது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. “அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க” என்று சொல்லியிருந்தாள். அவன் விடவில்லை.

மணி நாலு. அவள் முறைக்கு முன் வேறொரு பெண் கவிதை வாசித்துக்கொண்டிருந்தார். விக்கியது.

அத்தை அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். அதுதான் அவனை எழுப்பியது. கூடத்திலிருந்த தரைவழித் தொலைபேசியை அதன் நீள ஒயரோடு அறைவரைக்கும் இழுத்துவந்து பொறியாளரைக் கூப்பிட்டான். அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது என்றார் அவர். பிறகு ரிசீவரை ஸ்பீக்கரிடம் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். இரண்டு நிமிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கை வலித்தது.

“நெரிசலா இருந்தா கண்டபடி விக்கும் தம்பி” என்றார். “இது அளந்து விக்குது. கொஞ்ச நேரம் அடைக்குது, ஒரு நொடி விடுது, மறுபடி முதல்லேர்ந்து. உங்க வீட்டுல எதுவோ ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செஞ்சு தோத்துக்கிட்டு இருக்கு.”

“எல்லாத்தையும் அணைச்சுட்டேன் சார்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமையானா நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எங்க சர்வர் வாசல்ல ஒரு ஃபைல் வந்து முட்டிக்கிட்டே இருக்கு. உள்ள வர முடியல, ஏன்னா அந்தக் கணக்க நான் மூடிட்டேன். அவங்க கணக்கு. ஏதோ இயந்திரத் தப்புன்னு விட்டுட்டேன். பாருங்க, அந்தப் பக்கம் ஏதாவது உயிரோட இருக்கான்னு.”

அவன் ரிசீவரைக் கீழே வைக்காமல் மேசைமேல் போட்டான். மோடத்தின் பக்கத்தைத் திறந்தான். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தான். இணைப்பில் உள்ளவை என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி இருந்தது. ஒன்று கம்ப்யூட்டர். இன்னொன்றின் பெயர் “கதவைத் தட்டாதே”. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அந்தப் பெயரை வைத்தவள் அவள். நட்சத்திரத்தைப் போட்டவன் அவன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அவள் பதிவை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபைல் ஐந்து மணிக்குள் போய்ச் சேரவில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கேட்ட உப்பைக்கூட அவள் நகர்த்தித் தரவில்லை. மறுநாள் அவன் மோடத்தில் ஒரு விதி எழுதினான்: ஞாயிறு நாலிலிருந்து ஐந்து வரை, முதல் வழி அவள் போனுக்கு, வீட்டில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. “நகை வாங்கிக் கொடுத்திருந்தாக்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்” என்றாள். அந்த விதியை யாரும் நீக்கவில்லை. யாரும் என்றால் அவன்தான்.

போன் அலமாரிக்குள் இருந்தது. அவள் வைத்த இடத்திலேயே, வெள்ளை ஒயரின் நுனியில். இந்த ஏழு மாதமும் தினமும் காலையில் அலமாரியைத் திறந்து அந்தப் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பான். மின்சாரம் போய் வந்தால் ஓடிவந்து பார்ப்பான். ஒரு நாளும் எடுத்துத் திறந்ததில்லை. அணைத்ததும் இல்லை. வீட்டில் மின்சாரம் தின்கிற எல்லாவற்றையும் பட்டியல் போட்டவனுக்கு அது பட்டியலில் சேர வேண்டிய பொருள் என்று தோன்றவே இல்லை.

ஸ்பீக்கரில் ஓர் அறிவிப்பு பாதியாக வந்தது. பிறகு அவள்.

“…அன்னைக்கு மழை… விட்டிருந்… கதவு…”

அத்தையின் கை அலமாரிக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்த சொல் வருகிற திசையைத் தேடுகிறவர் மாதிரி இருந்தார். அடைத்தது. இன்னொரு பாதிச் சொல் வந்தது. மறுபடி அடைத்தது. நாலே கால் தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

திரையில் “கதவைத் தட்டாதே” என்ற வரிக்கு எதிரே ஒரு பொத்தான் இருந்தது: வெளியேற்று. ஒரு சொடுக்குப் போதும். அவன் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தான். விரல் இறங்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து அலமாரியிடம் போனான்.

“கொஞ்சம் நகருங்க அத்தை.”

கதவைத் திறந்தான். துணிகளின் வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது. மரத்தின் வாசனைதான் இருந்தது. முக்காலிமேல் போன். திரை வெளிச்சமாக எரிந்தது. கையில் எடுத்தான். காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுட்டது.

திரையில் ஒரு கோடு வளர்ந்துகொண்டிருந்தது. அனுப்பப்படுகிறது. நுனிவரை வந்தது. ஏற்கப்படவில்லை. மீண்டும் முயல்கிறது. கோடு மறுபடி முதலிலிருந்து வளர்ந்தது. அதற்கு மேலே ஃபைலின் பெயர்: அத்தியாயம் பத்தொன்பது. பதினோரு நிமிடம். தேதியைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். அவள் படுத்த இரண்டாம் நாள். அன்று அவன் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் கம்பிவடம் சோதித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் கூப்பிட்டபோது, நாள் முழுக்கத் தூங்கினேன் என்று சொன்னாள்.

“அவ போனா அது?” என்றார் அத்தை.

“ஆமா.”

“இன்னும் உசுரோட இருக்கா?”

“நான்தான் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்.”

“ஏழு மாசமாவா?”

அவன் தலையசைத்தான். பின்னால் அவள் குரல், “…சாவி… யாருகிட்ட…” என்று வந்து நின்றது.

“இதுதான் அடைக்குதா?”

“இதுதான். ஒரு பதிவு. போகாம நிக்குது. வாராவாரம் அனுப்பிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

“அணைச்சா அழிஞ்சிடுமா?”

“அழியாது அத்தை.”

“அப்புறம் என்ன?”

அணைத்தால் அழியாது என்று அவனுக்கு ஏழு மாதமாகத் தெரியும். கடைசியாக அதைத் தொட்டு உயிர்ப்பித்தது அவள் விரல். அதற்குப் பிறகு அது அணையவில்லை. அவ்வளவுதான் காரணம். வெளியே சொன்னால் காரணம் மாதிரியே இருக்காது.

அத்தை அவசரப்படுத்தவில்லை. வாழ்நாளில் யாரையும் அவசரப்படுத்தாமல் விட்டது அன்றுதான் இருக்கும். காலின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் விக்கியது. இன்னொரு நிமிடம் போயிற்று. இருபத்திரண்டில் அது எத்தனையாவது என்று அவன் மனம் தானாகக் கணக்கிட்டது.

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அணைக்கவா என்று கேட்டது. ஆம் என்பதைத் தொட்டான். திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு கறுத்தது. கறுத்த திரையில் அவன் முகம் தெரிந்தது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

மூன்று நொடி, நாலு நொடி. பிறகு அறையில் ஒரு முழு வாக்கியம் கேட்டது.

அவள்தான். கொஞ்சம் கீழ்க்குரல், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் வைத்துவிட்டுப் போகிற பழக்கம், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு சின்ன மூச்சு. மழை விட்ட ஒரு மாலையைப் பற்றி, மாடிப்படியில் சொட்டுகிற தண்ணீரைப் பற்றி, குடைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு புதுத் தம்பதியைப் பற்றி வாசித்தாள். எங்கும் தடுக்கவில்லை. அவன் அலமாரியின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மடியில் போன் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

கதையில் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா வந்தாள்.

“குடைய உள்ள கொண்டு வராதீங்க. வெளியவும் வைக்காதீங்க. இந்த வயசுல ஒரு குடைய எங்க வைக்கறதுன்னுகூட நான்தான் சொல்லணுமா?”

நூறு தையல் இயந்திரங்களுக்கு மேல் கேட்கிற குரல். ‘நான்தான்’ என்பதில் ஏறி, கேள்வியின் கடைசியில் மூக்கால் ஒரு சின்னச் சத்தம். அப்படியே இருந்தது. அவன் அத்தையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

வீட்டுக்காரம்மா தண்ணீர் வீணாவதைப் பற்றிப் பேசினாள். செருப்புச் சத்தத்தைப் பற்றிப் பேசினாள். சமையலறை ஜன்னல் ஏன் திறந்தே கிடக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும் முன்பே அது ஏன் மூடியே கிடக்கிறது என்றும் கேட்டாள்.

“மாப்பிள்ளை” என்றார் அத்தை. குரல் தணிந்திருந்தது. “இது நான்.”

அவன் தலையசைத்தான்.

“நான் இப்படியா பேசுறேன்?”

“கொஞ்சம்” என்றான்.

“கொஞ்சமா?”

“கொஞ்சம் கூடவே அத்தை.”

அவர் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க அவன் திரும்பவில்லை. வீட்டுக்காரம்மா ஓயவில்லை. நடு இரவில் அந்தப் புதுப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. கதவைத் தட்டாமல் வீட்டுக்காரம்மா உள்ளே வருகிறாள். திட்டிக்கொண்டே வருகிறாள். திட்டிக்கொண்டே போர்வையைப் போர்த்துகிறாள், திட்டிக்கொண்டே விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் மனைவி குரலை உயர்த்தவில்லை. அதே அம்மாவின் குரல்தான். சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். அந்தக் குரலை அவள் எங்கே கேட்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தோள் நின்றுவிட்டிருந்தது.

“அடுத்த வாரம் நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து” என்று அவள் சொன்னாள். முடிந்தது. வேறு யாருடைய குரலோ தொடங்கியது. அவன் எட்டி ஒலியைக் குறைத்தான்.

மேசைமேல் கிடந்த ரிசீவர் கரகரத்தது. எடுத்தான்.

“இப்ப விக்கல் இல்ல தம்பி. கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.” பொறியாளர் நிறுத்தினார். “ஒவ்வொண்ணும் முடிய முடிய அழிக்கணும். அடுத்தது அவங்களுது.”

“அழிச்சுடுங்க சார்.”

“சரி” என்றார். அவர் பக்கத்தில் ஒரு விசை அழுந்துகிற சத்தம் கேட்டது.

தேநீர் போடட்டுமா என்று அத்தையைக் கேட்டான். வேண்டாம் என்றார். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். திறந்த அலமாரிக்குள் தொங்குகிற துணிகளையும், நடுவே இருந்த காலி முக்காலியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், போகாமல் நின்ற அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று.

“பத்தொன்பதாவது அத்தியாயம். பதினோரு நிமிஷம்தான் வாசிச்சிருக்கா. காய்ச்சலோட எழுந்து உக்காந்து பண்ணியிருக்கா. எனக்கு இப்பதான் தெரியும்.”

“அதையும் அழிக்கணுமா?”

அவன் யோசித்தான். அவள் கையெழுத்துப் போட்ட தாளை அவனும் படித்திருக்கிறான். அனுப்பிய பிறகு அழிக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது.

“இது இன்னும் அனுப்பல அத்தை.”

அத்தை தலையாட்டினார். இப்போதே கேட்கலாமா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தான். கேட்டிருந்தால் போனை மறுபடி போட்டிருப்பான். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

“இன்னைக்கு இது போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். நாலு மணிக்கு.”

வாசல்வரை கூடவே போனான். செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

“மணி அடிச்சா உடனே தொறங்க. இன்னைக்கு ரெண்டு நிமிஷம் நின்னேன். ஒரு கதவைத் தொறக்கறதுக்கும் நான்தான் சொல்லணுமா?”

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினார். கடைசிப் படிச் சத்தம் கேட்கும்வரை அவன் நின்றான்.

உள்ளே வந்து நோட்டைத் திறந்தான். போன வாரப் பட்டியலில் “எல்லாம் அணைத்தாயிற்று” என்ற வரியை அடித்தான். வாசல் மணிக் கேமராவுக்குக் கீழே ஏழு என்று எண் போட்டு, “அவள் போன்” என்று எழுதினான். நேரம் எழுதினான். எதிரே “சரி” என்று எழுதப் போய், நிறுத்திவிட்டான்.

மோடத்தின் பக்கம் திரையில் திறந்தே இருந்தது. இப்போது ஒரே ஒரு வரிதான். கீழே, அந்த விதி அப்படியே இருந்தது: ஞாயிறு, நாலிலிருந்து ஐந்து வரை. அதை அவன் நீக்கவில்லை. போனை அலமாரியில் முக்காலிமேல் வைத்தான். வெள்ளை ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.